குவைத்தில் ஒரு மருந்து ஜன்னல்

அடைக்கலம் என்னைவிட ஆறு மாதம் இளையவன். ஆனால் அவன் கட்டியது அக்காவை, நான் கட்டியது தங்கையை. ஆகையால் முறைப்படி அவன் எனக்கு அண்ணன், நான் அவனுக்குத் தம்பி. கல்யாணம் ஆன நாளாக இந்த அநியாயத்தைப் பொறுத்துக்கொண்டு "வாங்கண்ணே, போங்கண்ணே" என்று சொல்லி வருகிறேன். எழுதும்போதாவது அவன் இவன் என்று எழுதிக்கொள்கிறேன். படிக்கிறவர்கள் தப்பாக நினைக்க வேண்டாம்.

புதுக்கோட்டையில் ஒரே டாக்டரிடம்தான் இருவரும் கம்பவுண்டர் வேலை பழகினோம். மருந்து கலக்குவதில் என் கை சுத்தம். அவன் வாரத்துக்கு ஒரு சீசாவாவது உடைப்பான். குவைத்து ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று திருச்சியில் இண்டர்வியூ வைத்தபோது நான் டைபாய்டு காய்ச்சலில் படுத்துவிட்டேன். அவன் போனான். அதுவும் என்னுடைய வெள்ளைச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனான். வேலை அவனுக்குக் கிடைத்தது. சட்டை எனக்குத் திரும்பி வரவில்லை. அவன் கப்பலேறினான், நான் அரிமளத்தில் ஒரு டாக்டரின் வைத்தியசாலையில் சீசா கழுவ உட்கார்ந்தேன்.

அதற்கப்புறம் என் வீட்டில் நிம்மதி ஏது? கறம்பக்குடியில் அவன் வீட்டுக்கு ரேடியோ வந்தது. என் மனைவி பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்தவள் சொன்னாள்: "அக்கா வீட்டுல பாட்டுப் பொட்டி பேசுது. நம்ம வீட்டுல நீங்கதான் பேசுறீங்க."

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அவனிடமிருந்து கடிதம் வந்தது. பக்கத்துக்கு ஐந்தே வரி, ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை கணக்கில். அந்த ஊரில் காகிதம்கூட ஏராளம் என்று காட்டுகிறான் பார் என்று நினைத்துக்கொண்டேன். விஷயம் இதுதான். "தம்பி, இரண்டு மூன்று மாதம் வந்து என்னுடன் இரு. எனக்கு ஒத்தாசையாக இருக்கும். உனக்கும் ஒரு வழி பிறக்கும்." டிக்கெட்டும் கூடவே வந்தது. டாக்டர் முணுமுணுத்தார். பாக்கியம் முணுமுணுக்கவில்லை; மறுநாளே சுண்டைவற்றல் காயப்போட ஆரம்பித்துவிட்டாள்.

கப்பலில் திறந்த மேல்தளத்தில் பாய் விரித்துப் பயணம். முதல் மூன்று நாள் நான் உலகத்தையே வெறுத்தேன். நார்த்தங்காய் ஊறுகாயை நக்கிக்கொண்டு சுருண்டு கிடந்தேன். பக்கத்தில் படுத்திருந்த பஞ்சாபிக்காரர் தினமும் ஆறு ரொட்டி சாப்பிட்டுவிட்டு, "உங்கள் நாட்டில் கடலே கிடையாதா?" என்று விசாரித்தார். எங்கள் கடற்கரை ஊர் கட்டுமாவடியில் போய்ப் பார், என்று சொல்ல ஆசைதான். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்று திறக்கவில்லை.

கரையில் கூட்டத்துக்குள் அடைக்கலம் நின்றான். வெளுத்த சட்டை, கால்சராய், பூட்ஸ். நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். என்னை நேராகப் பார்த்தான். பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நாலு காசு பார்த்ததும் சொந்தம் தெரியவில்லை பாருங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போய், "அண்ணே" என்றேன். திடுக்கிட்டான். "அட, தம்பியா! எப்பப்பா வந்தே? வா வா" என்று கட்டிக்கொண்டான். இதென்ன நாடகம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் அவனுக்குக் கொடுத்திருந்த அறையில் மின்விசிறி இருந்தது. குழாய் இருந்தது. திருகினால் தண்ணீர் வந்தது. கடல் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிதண்ணீர் ஆக்குகிறார்களாம். ஆறு இல்லை, ஊருணி இல்லை, ஆகாயத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. குழாயில் மட்டும் தண்ணீர். சித்திரை மாதத்தில் பாக்கியம் ஒரு குடத்துக்காக எத்தனை பேருக்குப் பின்னால் நிற்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே இரண்டு தரம் குளித்தேன். இரண்டாவது குளியல் முழுக்க வயிற்றெரிச்சலில் குளித்ததுதான்.

சாப்பாடும் அப்படித்தான். அடுப்புக் குழிக்குள் கையை விட்டு ஒட்டவைத்து எடுக்கும் அகலமான ரொட்டி, ஒரு தாம்பாளம் நிறையச் சோறு, அதன் மேல் ஆட்டுக்கறி. நன்றாக இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயில் வைத்தேன். சொல்ல முடியவில்லை. மூன்று ரொட்டி தின்றேன். அடைக்கலமோ கறியைத் தொடாமல், பாக்கியம் கொடுத்தனுப்பிய சுண்டைவற்றலை வறுத்துக் குழம்பில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. மீன் மார்க்கெட்டைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனான். ஐந்தாம் நம்பர் பஸ்ஸில் ஏற வேண்டும் என்று அவன்தான் சொன்னான். வந்தது எட்டாம் நம்பர். அவன் ஏறினான். இந்த ஊரில் எட்டுதான் ஐந்தோ என்னவோ, புதிதாக வந்தவன் எதற்கு வாயைத் திறப்பது என்று நானும் ஏறினேன். பஸ் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியது. கட்டடங்கள் போயின, வேலிகள் போயின, கடைசியில் ரோடு மட்டும் மிஞ்சியது. மணலுக்கு நடுவே ஓர் இடத்தில் நிறுத்தி, இவ்வளவுதான் இறங்குங்கள் என்று டிரைவர் கையைக் காட்டினார்.

திரும்பிப் போக இன்னொரு பஸ் வர ஒரு மணி நேரம் ஆகும். நிழல் என்று பார்த்தால் எண்ணெய் டின் ஒன்றின் நிழல்தான் இருந்தது. எனக்குக் கோபம் பிய்த்துக்கொண்டு வந்தது.

"ஏண்ணே, இத்தனை வருஷம் இந்த ஊர்ல இருக்கீங்க, பஸ் நம்பர் படிக்கத் தெரியலையா? கொட்டை எழுத்துல போட்டிருக்கான், எங்கிட்டோ பாத்துக்கிட்டு ஏறுறீங்க!"

அவன் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். "தெரியலப்பா" என்றான். "எட்டா, அஞ்சா, ஒண்ணும் தெரியல. ரெண்டு கண்ணும் போச்சு தம்பி. புகைக்குள்ள பாக்குற மாதிரி இருக்கு. ஒரு வருஷமா இப்படித்தான். கரையில ஒன்னையும் எனக்கு அடையாளந் தெரியல. சத்தத்தை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

அவனே சொன்னான். "வெளியில தெரிஞ்சா அடுத்த கப்பல்ல ஏத்தி விட்ருவாங்க. கறம்பக்குடியில வீடு பாதியில நிக்குது. ரெண்டு பொண்ணு படிக்குது. அதான் ஒன்ன வரச் சொன்னேன். நீ பக்கத்துல நின்னு சீசாவுல எழுதியிருக்கிறதை மட்டும் படிச்சுச் சொன்னாப் போதும். லீவு வரைக்கும் ஓட்டிட்டேன்னா, ஊருக்குப் போயி ஏதாச்சும் பச்சிலை வச்சுப் பாத்துக்குவேன்."

"ஆஸ்பத்திரியிலேயே கண் டாக்டர் இருப்பாரே?"

"இருக்காரு. எங்க ஜன்னல்லேருந்து நாலாவது கதவு. அங்க மட்டும் போகச் சொல்லாதப்பா. எங்க சின்னையா கண்ணைக் குடுத்துட்டு வந்தது எனக்குத் தெரியும். கத்தி வச்சா இருக்கிறதும் போயிரும்."

அந்தச் சித்தப்பா கண்ணைக் கொடுத்தது சந்தைக்கு வந்த ஓர் ஊர்சுற்றி வைத்தியனிடம். எல்லா நோயாளிக்கும் புத்தி சொல்கிற உத்தியோகத்தில் இருக்கிறவன், அதையும் ஆஸ்பத்திரி ஆபரேஷனையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு, நாலாவது கதவைத் தாண்டித் தினமும் போய் வந்துகொண்டிருந்தான். பாவம் என்று இரக்கப்படுவதுதான் நியாயம். எனக்கு முதலில் வந்தது அது இல்லை. வழி பிறக்கும், வழி பிறக்கும் என்று எழுதினாயே பாவி, என்னைக் கண்ணாடியாக மாட்டிக்கொள்ளத்தானா டிக்கெட் அனுப்பினாய் என்றுதான் வந்தது. அதற்கடுத்தபடியாக இன்னொன்றும் வந்தது. இவன் போனால் அந்த நாற்காலி காலி.

சனிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊரிலிருந்து வந்த கம்பவுண்டர், வேலை பார்த்துப் பழகட்டும் என்று மருந்தகத்துப் பெரியவரிடம் சொல்லி என்னை உள்ளே விட்டான். உள்ளே போனதும் என் கண் முதலில் விழுந்தது சீசாக்கள் மேல்தான். அரிமளத்தில் மருந்து வாங்க வருகிறவன் சீசாவும் கொண்டுவர வேண்டும். எண்ணெய் சீசா, வேறு எதையெல்லாமோ ஊற்றி வைத்திருந்த சீசா எல்லாம் வரும். சுண்ணாம்பு போட்டுக் கழுவிக் கழுவி என் விரல் வெந்திருக்கிறது. இங்கே புத்தம் புதுச் சீசா, ஆளுக்கு ஒன்று, அலமாரி கொள்ளாமல் நிற்கிறது. மருந்தும் சும்மா, சீசாவும் சும்மா, கார்க்கும் சும்மா.

இவ்வளவும் இருந்து என்ன? வருகிறவர்களுக்கு எதை எதற்குச் சாப்பிடுகிறோம் என்று தெரிய வேண்டாமா? ஜன்னல்கள் மொத்தம் மூன்று. ஒவ்வொரு சீசாவிலும் அரபி, இங்கிலீஷ் என்று இரண்டு பாஷையில் அழகாக அச்சடித்து ஒட்டியிருக்கும். வந்தவர்களில் பாதிப் பேருக்கு இரண்டு பாஷையுமே படிக்கத் தெரியாது. வாங்கிக்கொண்டு "ஜேன், ஜேன்" என்பார்கள். நல்லது, நல்லது என்று அர்த்தம். நம் ஊரில் "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்களே, அதே தலையாட்டல்.

எங்களோடு ஏலியம்மா என்று ஒரு மலையாளத்து நர்ஸ் இருந்தாள். அரபி தண்ணீர்பட்ட பாடு. அங்கே நடக்கிற பேச்சையெல்லாம் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்வாள். ஒரு லாரி டிரைவர் வந்து சண்டை போட்டார். மூன்று வேளை மருந்தையும் காலையிலேயே குடித்துவிட்டாராம், பகலில் நேரம் கிடையாதாம், தலை சுற்றுகிறதாம். ஒரு பணக்கார வீட்டுப் பெரியவர் வயிற்று மருந்தையும் இருமல் மருந்தையும் ஒரே சீசாவில் கலந்து கொண்டுவந்து காட்டினார். "எப்படியும் உள்ளே போய்ச் சேரத்தானே போகிறது?" என்று கேட்டார். ஓர் அம்மாள் தன் மூட்டுவலி மாத்திரையைத் தங்கச்சியின் தலைவலிக்குக் கொடுத்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று வந்து நின்றார். வாசலில் காரோடு டிரைவர் காத்திருந்தார். அரிமளத்தில் அரை சீசா மருந்தை நாலு நாளைக்கு நீட்டிக்கிறவர்களை நினைத்து எனக்குப் பொருமலாக வந்தது. ஆண்டவன் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறான் பாருங்கள்.

ஆனால் அடைக்கலத்தின் ஜன்னலில் நடந்தது வேறு. மற்ற இரண்டு ஜன்னலிலும் பத்துப் பேர் நின்றால் அவனிடம் முப்பது பேர் நின்றார்கள். ஏன் என்று எட்டிப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவன் சீசாவில் ஒட்டியது நம் ஊர் வெட்டுத்தாள்!

நம் பக்கத்தில் எந்தக் கம்பவுண்டரும் செய்கிறதுதான். ஒரு காகிதப் பட்டையை மடித்து ஓரத்தில் கத்தரியால் வெட்டினால், பிரிக்கும்போது வரிசையாக வெட்டு விழும். அதைச் சீசாவின் பக்கத்தில் பசை தடவி ஒட்டுவோம். ஒரு வெட்டுக்கு ஒரு வேளை. படிக்கத் தெரிய வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். அதைத்தான் இவன் குவைத்துக்குக் கொண்டுவந்து பெரிய மனுஷன் ஆகியிருந்தான். டாக்டர்மார்கள் வந்து அதிசயமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம். நான் எத்தனை ஆயிரம் வெட்டியிருப்பேன்! ஒரு நாய் வந்து பார்த்ததுண்டா?

அதோடு விடவில்லை அவன். வந்தவரின் விரலைப் பிடித்து முதல் வெட்டில் வைப்பான். இது விடியற்காலைத் தொழுகைக்கு அப்புறம், இது மத்தியானத் தொழுகைக்கு அப்புறம், இது பொழுது சாய்ந்த பிறகு என்று சொல்லுவான். சொல்லிவிட்டு, "எங்கே, இப்போது நீங்கள் சொல்லுங்கள்" என்பான். அவர் சரியாகத் திருப்பிச் சொல்லும் வரைக்கும் சீசாவை விடமாட்டான். கடைசியில் மூடியைத் திறந்து மோந்து பார்க்கச் சொல்லுவான். போன தரம் வாங்கியது மாதிரி இருக்கிறதா, நிறம் சரியா, வித்தியாசம் இருந்தால் என்னிடம் கேளுங்கள் என்பான். மற்ற ஜன்னல்களில் இரண்டு நிமிஷ வேலைக்கு இவன் பத்து நிமிஷம் எடுத்தான். அப்படியும் கூட்டம் இவனிடம்தான் நின்றது.

தன் கண் தப்பு செய்துவிடுமோ என்ற பயத்தில் அவன் கண்டுபிடித்த வழி இது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பொறாமை அடங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைதான் அபூ யூசுஃபைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். முத்துக் குளித்துக்கொண்டிருந்தவராம், எண்ணெய் வந்து அந்தத் தொழில் நின்றபிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் காவல் வேலை. மூழ்கி மூழ்கி ஒரு காது போய்விட்டது. ஓயாத இருமல். வாராவாரம் சனிக்கிழமை வந்து ஒரு சீசா வாங்கிப்போவார். அடைக்கலம் பாடம் கேட்டதும், ஒற்றைக் காதைச் சாய்த்துக்கொண்டு, வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்து, இது யார் என்று கேட்டார். "என் தம்பி, என் கண்ணு மாதிரி" என்று அரபியில் சொன்னானாம் அடைக்கலம். ஏலியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் அப்படி ஓடியது. நான் காதோரம் படித்துச் சொல்ல, அவன் எடுத்து ஊற்ற. "வலது பக்கம்ணே, மேல் தட்டுண்ணே." வியாழக்கிழமை மணல்காற்று அடித்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்குப் போட்டார்கள். சோற்றில் மணல், படுக்கையில் மணல், பல்லுக்குள் மணல். இந்த ஊருக்கு இதுவும் வேண்டும் என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடைக்கலத்துக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்து மணலைத் துடைத்துவிட்டு மருந்துச் சீசாக்களைத் திரும்ப அடுக்கினார்கள். அடுக்கியவர்களுக்கு வரிசை தெரியுமா? சனிக்கிழமை அபூ யூசுஃப் வந்து நின்றார். அடைக்கலத்தின் கை பழக்கத்தில் இரண்டாம் தட்டில் மூன்றாவது பெரிய சீசாவுக்குப் போனது. நான் பார்த்தேன். அதில் இருந்தது இருமல் மருந்து இல்லை, மேலே தேய்க்கிற மருந்து. குடிக்கக் கூடாது என்று சிவப்பில் போட்டிருந்தது. இரண்டும் ஒரே பழுப்பு நிறம். வேறு நாளாயிருந்தால் அவன் மூக்கே சொல்லியிருக்கும்.

நான் படித்துவிட்டேன். படித்துவிட்டுப் பேசாமல் நின்றேன்.

இதை எழுதக் கை கூசத்தான் செய்கிறது. அவன் அளவுக் கண்ணாடியில் ஊற்றினான், நின்றேன். சின்னச் சீசாவுக்கு மாற்றினான், நின்றேன். இது ஒன்று தப்பாகப் போனால் போதும், இவன் கதை முடிந்தது, பக்கத்தில் நிற்கிறவன் நான் என்று உள்ளுக்குள் ஒருத்தன் சொல்லிக்கொண்டே இருந்தான். வெட்டுத்தாள் ஒட்டினான். அபூ யூசுஃபின் விரலைத் தடவித் தேடிப் பிடித்து வெட்டில் வைத்தான். அவர் ஒப்பித்தார். இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

அபூ யூசுஃப் மூடியைத் திறந்தார். மோந்து பார்த்தார். சீசாவை மேடைமேல் வைத்துவிட்டு, "மூ ஹாதா" என்றார். இது இல்லை.

அடைக்கலத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. என் பக்கம் திரும்பி, "தம்பி, பெரிய சீசாவுல என்னப்பா எழுதியிருக்கு?" என்றான். நானும் அப்போதுதான் பார்க்கிறவன் மாதிரி குனிந்து, கண்ணைச் சுருக்கி, சத்தமாகப் படித்தேன். அவன் அளவுக் கண்ணாடியை என் பக்கம் தள்ளினான். சரியான மருந்தை நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். அவர் போனபிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு அடைக்கலம் சொன்னான். "நல்ல வேளை, நீ இருந்தே. ஒரு உசுரு தப்பிச்சுச்சு."

செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று ஜன்னல் மூடியதும் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். நாலாவது கதவு என்று தெரிந்ததும் முரண்டு பிடித்தான். "விடுப்பா, வேலை போயிரும். வீட்டை நெனச்சுப் பாருப்பா" என்று குழந்தை மாதிரி அழுதான். "போனாப் போகட்டும்ணே. அந்த ஆளு குடிச்சிருந்தா வீடு கட்டி என்ன செய்வீங்க?" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு நியாயம் பேசுகிற வாய் காலையில் எங்கே போயிருந்தது?

கண் டாக்டர் எகிப்துக்காரர். விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் புரை என்றார். எத்தனை நாளாக என்று கேட்டார். ஒரு வருஷம் என்றதும் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். அங்கிருந்தே மருந்து ஜன்னலைக் காட்டி, "அங்கிருந்து இங்கே வர ஒரு வருஷமா? நான் என்ன சிங்கமா?" என்று சத்தம் போட்டார். ஆபரேஷன் செய்தால் வேலையும் போகாது, கண்ணும் போகாது, மருந்தகத்துப் பெரியவரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். அடைக்கலம் நம்பவில்லை. டாக்டர் அவனுடைய பாணியிலேயே, என்ன செய்யப்போகிறேன் என்று மூன்று தரம் சொல்லி, அவன் வாயால் திருப்பிச் சொல்லச் சொன்னார். மூன்றாவது தரம் சொல்லும்போது அவன் அழுகை நின்றிருந்தது.

ஆபரேஷன் முடிந்ததும் தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பையை வைத்து, கண்ணைக் கட்டி, ஆடாமல் அசையாமல் படுக்கவைத்துவிட்டார்கள். நான் ஆசைப்பட்ட நாற்காலியில், அவன் திரும்பி வரும் வரைக்கும் என்று சொல்லி, பெரியவர் என்னை உட்காரவைத்தார். மின்விசிறி நேரே தலைக்கு மேல் சுற்றியது. அடைக்கலம் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். தெரிந்த பத்து அரபிச் சொல்லை வைத்துக்கொண்டு விரல் பிடித்தேன், பாடம் கேட்டேன். கூட்டம் மெதுவாக மற்ற ஜன்னல்களுக்கு நகர்ந்தது.

சனிக்கிழமை அபூ யூசுஃப் வந்தார். சீசாவைக் கொடுத்தேன். வாங்கவில்லை. ஏலியம்மாவைக் கூப்பிட்டு நிதானமாகப் பேசினார். அவள் முகம் மாறியது. "சேட்டா, இவர் சொல்றதை நான் அப்படியே சொல்லட்டா?" என்றாள். சொல்லம்மா என்றேன்.

"அடைக்கலத்துக்குக் கண் சரியில்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு வருஷமாகத் தெரியும். எங்கள் விரலை அவர் தேடித்தான் பிடிப்பார். அவரைக் காட்டிக்கொடுக்க எங்களுக்கு மனசில்லை. அதனால்தான் மோந்து பார்த்து, நிறம் பார்த்து வாங்கப் படித்துக்கொண்டோம். ஆனால் அன்றைக்கு நான் சீசாவைப் பார்க்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன். நீ படித்துவிட்டாய். படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாய். மூடியைத் திறப்பதற்கு முன்பே இது தப்பு மருந்து என்று தெரிந்துவிட்டது."

ஏலியம்மா சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் மேடையைத் துடைத்தாள். இல்லை என்று சொல்ல எனக்கு அரபி தெரியாது. தமிழிலும் முடியாது.

அவர் இன்னொரு வார்த்தை சொன்னார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சீசாவை என் பக்கம் தள்ளிவிட்டு விரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். நான் அளவுக் கண்ணாடியை எடுத்து, ஒரு வெட்டு மருந்தை ஊற்றி, அவர் பார்க்கக் குடித்தேன். கசப்பு நெஞ்சு வரை இறங்கியது. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகுதான் சீசாவை எடுத்து அங்கிக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. இருமல் இல்லாத நான் ஆறு சனிக்கிழமை இருமல் மருந்து குடித்தேன். அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, நானும் அடைக்கலத்திடம் சொல்லவில்லை. இப்போது அவனுக்குப் படிக்கக் கண் இருக்கிறது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஏழாவது சனிக்கிழமை அடைக்கலம் தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான். அலமாரியில் இருந்த ஒவ்வொரு சீசாவையும் சத்தம் போட்டுப் படித்தான். சந்தோஷத்தில் ஒரு சீசாவை உடைக்கவும் செய்தான். ஜன்னலுக்கு வெளியே முப்பது பேரும் திரும்ப வந்து நின்றார்கள். நான் பின்னால் ஒரு மூலையில் நின்று வெட்டுத்தாள் வெட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் எனக்குக் கப்பல்.

அபூ யூசுஃபின் முறை வந்தது. அடைக்கலம் ஊற்றினான், ஒட்டினான், விரலைத் தேடாமல் ஒரே பிடியாகப் பிடித்தான். அவர் ஒப்பித்தார். மூடியைத் திறந்து பாருங்கள் என்றான். அவர் திறக்கவில்லை. மோந்தும் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சீசாவை வாங்கி அங்கிக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

குவைத்தில் நான் பட்ட மற்றப் பொறாமையெல்லாம் அரிமளம் வந்து சேர்ந்த ஒரு மாதத்தில் கரைந்துவிட்டது. இது மட்டும் இன்னும் போகவில்லை.